வாய் நிறைய ஆணி

என் மனைவி சிரித்தால் ஆணி விழும். இதில் மிகை ஒன்றும் கிடையாது. நான் எதையும் கூட்டிச் சொல்கிறவன் அல்ல என்பது என்னைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். கேட்டால் அவர்களே மறுப்பார்கள், அது வேறு விஷயம்.

அவள் சோபாவுக்கும் நாற்காலிக்கும் மெத்தை வைத்து உறை அடிக்கிறவள். வீட்டின் முன் அறைதான் பட்டறை. வேலைக்கு உட்காரும்போது இருபது முப்பது பொடி ஆணிகளை அள்ளி வாயில் போட்டுக்கொள்வாள். நாக்காலேயே ஒவ்வொன்றாகத் திருப்பி, தலைப்பக்கம் வெளியே வரும்படி உதட்டுக்குத் தள்ளுவாள். ஒரு முனையில் காந்தம் வைத்த சின்னச் சுத்தியல் உதட்டருகே போகும், ஆணியைக் கவ்வும், மரச்சட்டத்தில் ஒரு தட்டு, சுத்தியலைத் திருப்பி மறுமுனையால் இன்னொரு தட்டு. அதற்குள் அடுத்த ஆணி உதட்டில் தயாராக நிற்கும்.

வாய் நிறைய ஆணி வைத்திருக்கும் மனைவியைப் போலக் கதை கேட்க ஓர் ஆள் இந்த உலகத்தில் கிடைக்காது. குறுக்கே பேச முடியாது. "இதைப் போன மாசமே சொன்னீங்க" என்று காலை வார முடியாது. "ம்" மட்டும்தான். முப்பத்துநாலு வருடம் லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சொல்வதற்கு நிறைய இருந்தது. கடந்த ஒன்பது வருடமாக மதியம் இரண்டு மணிக்கு அவள் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்காருவேன். ஐந்து மணிக்கு அவள் மிச்ச ஆணிகளை டப்பாவில் துப்பும்வரை என் பணிக்கால அனுபவங்களைச் சொல்வேன். கதை நன்றாக இருந்தால் அவளுக்குச் சிரிப்பு முட்டும். அடக்குவாள். அடக்கும்போது உதட்டோரம் ஓர் ஆணி நழுவி சிமெண்ட் தரையில் 'டிங்' என்று விழும். அந்த 'டிங்'தான் எனக்குக் கைதட்டல்.

சாதாரணக் கதைக்கு ஓர் ஆணி. கொஞ்சம் மெனக்கெட்டால் இரண்டு. ஒரே ஒரு முறை மூன்று விழுந்திருக்கிறது. இருபதாம் மாடிக்கும் இருபத்தொன்றாம் மாடிக்கும் நடுவில் ஒரு லிப்ட் நின்றுவிட்டது. உள்ளே முன்பின் தெரியாத ஓர் ஆணும் பெண்ணும், யார் தப்பான பொத்தானை அழுத்தியது என்று சண்டை. உதிரிபாகம் வந்து சேரக் கொஞ்சம் தாமதம். நான் கடைசியில் கதவைத் திறந்தபோது மூன்று பேர் வெளியே வந்தார்கள். மூன்றாமவருக்கு இரண்டு பல் முளைத்திருந்தது.

அதற்குத்தான் மூன்று ஆணி. அது நடந்து ஏழு வருடம் ஆகிறது. நான்காவது ஆணியை விழவைத்துவிட்டுத்தான் போய்ச் சேருவது என்று தீர்மானித்திருந்தேன். வேறு ஆசை எதுவும் எனக்கு மிச்சமில்லை.

இந்த நிலைமையில்தான் பல் டாக்டரின் சோபா வந்தது.

அடுத்த தெருவில் மருத்துவமனை வைத்திருக்கும் டாக்டர் அவர். காத்திருக்கும் அறையில் போட்டிருந்த நீளமான சோபா. அதன் கைப்பிடிகளை நோயாளிகள் பயத்தில் பிறாண்டிப் பஞ்சை வெளியே எடுத்திருந்தார்கள். வண்டியிலிருந்து இறக்கும்போது டாக்டரும் கூட வந்தார். என்னைப் பார்த்ததும் அவர் கண் என் தாடைக்குப் போயிற்று.

"ஐயா, அந்தக் கடைவாய்ப் பல்லு எப்படி இருக்கு? வரேன்னு சொல்லி ரெண்டு வருஷமாச்சே."

"அமோகமா இருக்கு டாக்டர். உங்களை ரொம்ப விசாரிச்சுது."

"அமோகமாவது ஒண்ணாவது டாக்டர்!" என்றாள் என் மனைவி. வாயில் ஆணி இல்லாத நேரம். "ஒரு பக்கமாவே மென்னு மென்னு மூஞ்சியே கோணிக்கிச்சு. சொன்னா கேட்டாத்தானே? நீங்களே ஒரு நாளைக்கு ஆள் அனுப்பித் தூக்கிட்டுப் போங்க."

நான் லிப்டுக்குள் எத்தனையோ மணி நேரம் அந்தரத்தில் தொங்கியவன். ஆனால் அந்த மருத்துவமனைப் படி ஏற மட்டும் என் கால் சம்மதிக்கவில்லை. காலைக் குறை சொல்லி என்ன பயன்?

சோபாவைப் பிரித்தால் உள்ளே என்னென்னவோ கிடைக்கும். சீப்பு, பொத்தான், ஒரு முறை காது கேட்கும் கருவி. அது உள்ளே கிடந்து ஐந்து வருடம் அந்த வீட்டுச் சண்டையெல்லாம் கேட்டிருக்கிறது. என் மனைவிக்கு இதில் ஒரு சட்டம் உண்டு. சோபாவில் கிடைத்தது எதுவானாலும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு சோபாவோடு திருப்பி அனுப்பிவிட வேண்டும். பல் டாக்டரின் சோபாவில் நாலு பேனா, ஒரு குழந்தையின் காலுறை, அப்புறம் பிளாஸ்டிக் உறையோடு ஒரு சிடி கிடைத்தது. டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டாள். "யாரோ விட்டுட்டுப் போனதும்மா, எனக்கு வேண்டாம், நீங்களே கேளுங்க" என்று சொல்லிவிட்டார்.

உறையின் மேல் ஒரு படம். செங்குத்தான பாறை. பாறைமேல் தோள்வரை முடி வளர்த்த ஒருவன், கையில் வாள். பின்னால் இறக்கை வைத்த பெரிய ஜந்து ஒன்று நெருப்புக் கக்குகிறது. அதற்கும் பின்னால் கண்ணாடியில் கட்டிய கோட்டை. எல்லாப் பக்கமும் பனி கொட்டுகிறது, இவன் சட்டை போடவில்லை. ஐரோப்பாவில் ஏதோ ஒரு குளிர் நாட்டுக் கோஷ்டி. பாடல் தொகுப்பின் பெயரைத் தமிழில் சொன்னால் 'கண்ணாடிக் கோட்டையின் கடைசி வாள்' என்று வரும்.

"கீறல் விழுந்திருக்கான்னு பாப்போம்" என்று பட்டறை மூலையிலிருந்த பழைய பிளேயரில் போட்டாள். வாயில் ஆணிகளை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

முதலில் மணிச் சத்தம். நாற்பது பேர் சேர்ந்து சாவகாசமாக ஏதோ பாடினார்கள். யாரோ செத்துப்போயிருக்கிறார்கள், நமக்கென்ன என்று நான் முக்காலியை இழுத்துப் போட்டேன். அன்றைக்கு நல்ல கதை ஒன்று கைவசம் இருந்தது. வாயைத் திறந்தேன். டிரம்ஸ் ஆரம்பித்தது.

அடிக்கிறவனுக்கு இரண்டு கால்தான் என்று நான் நம்பத் தயாரில்லை. குறைந்தது ஆறு இருக்கும். அதற்கு மேல் ஒரு கிதார். அது இருபது மாடிப் படிக்கட்டை மூச்சு வாங்காமல் ஓடி ஏறியது, மொட்டை மாடியிலிருந்து பக்கத்துக் கட்டடத்துக்குத் தாவியது, அங்கிருந்து இன்னும் வேகமாக இறங்கியது. அதன் பின்னாலேயே, இரண்டு படி தள்ளி, இன்னொரு கிதார். முதல் கிதார் மிதித்த ஒரு படியைக்கூட அது விடவில்லை. நடுவில் மெல்லிய கம்பிகளைக் கிள்ளுவது போலப் பழங்காலப் பெட்டி வாத்தியம் ஒன்று. பிறகு அவன் பாடினான். குரல் ஏறியது. லிப்ட் மெக்கானிக்காகச் சொல்கிறேன், எந்த லிப்டுக்கும் உச்சி மாடிக்கு மேல் கொஞ்சம் இடைவெளி விட்டிருப்போம். அதைத் தாண்டினால் கூரைதான். இந்த ஆள் உச்சி மாடியில் நிற்கவில்லை, இடைவெளியில் நிற்கவில்லை, கூரையைப் பிய்த்துக்கொண்டு போய், அங்கே வெட்டவெளியில் நின்றுகொண்டு அந்த ஒரே சுருதியைப் பிடித்தான், பிடித்தான், விடாமல் பிடித்தான்.

என் மனைவியின் வாய் திறந்தது.

ஒன்றல்ல, இரண்டல்ல. பை கிழிந்தது போல மொத்தமும் கொட்டிவிட்டது. நான் முட்டி போட்டு எண்ணினேன். இருபத்தாறு. அவன் இன்னும் அந்தச் சுருதியை விட்டிருக்கவில்லை. தரையில் கிடந்த இருபத்தாறு ஆணிகளும் தலையில் நின்றபடி, முனைகளை மேலே தூக்கிக்கொண்டு, பிளேயர் பக்கம் திரும்பின. நான் கண்ணால் பார்த்தேன்.

"திரும்பப் போடுங்க" என்றாள் அவள். வேலை நேரத்தில் ஒன்பது வருடத்தில் அவள் என்னிடம் தெளிவாகப் பேசிய முதல் வார்த்தை.

எனக்குக் காதில் புகை வந்தது. மாடியில் குடியிருக்கும் பியானோ டீச்சர் இறங்கி வந்து "என்னண்ணா, எதாவது தீயுதா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து என் பிழைப்பு போயிற்று. தொகுப்பு மொத்தம் அறுபத்திரண்டு நிமிடம். இரண்டிலிருந்து ஐந்துக்குள் கிட்டத்தட்ட மூன்று முறை ஓடும். அவள் சுத்தியல் அந்த ஆறு காலோடு சேர்ந்துகொண்டது. அரை நாள் பிடிக்கும் நாற்காலி ஒரு மணி நேரத்தில் முடிந்தது. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே நாலு நொடி இடைவெளி இருந்தது. அதற்குள் கதை சொல்லிப் பார்த்தேன். நாலு நொடியில் லிப்ட் கதவுகூட மூடாது.

எதிரியைத் தெரிந்துகொள்வோம் என்று உறைக்குள் இருந்த சின்னப் புத்தகத்தை எடுத்து, அகராதியும் கண்ணாடியுமாக இரண்டு நாள் உட்கார்ந்தேன். படித்ததும் வயிறு இன்னும் அதிகமாக எரிந்தது. பத்துப் பாட்டும் சேர்ந்து ஒரே கதை. ஓர் இளவரசனின் நிழலை இறக்கை வைத்த ஜந்து திருடிக்கொண்டு போய்விடுகிறது. இவன் விழுந்த நட்சத்திரத்தை உருக்கி வாள் செய்து, நிழலை மீட்கக் கிளம்புகிறான். அதாவது, சுத்தப் புளுகு. என் தொழில். ஆனால் இவனுக்குப் பின்னால் நாற்பது பேர் சேர்ந்து பாடுகிறார்கள். எனக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்? ஒரு தையல் மெஷின்.

அன்றைக்கு ஐந்து மணிக்கு அவள் ஆணியைத் துப்பியதும் பிடித்துக்கொண்டேன்.

"இவன் நாலாவது பாட்டுல செத்துப் போறான், கவனிச்சியா?"

"ஆமா. பாவம்."

"அஞ்சாவது பாட்டை யார் பாடறது?"

"அவன்தான்."

"செத்தவன் எப்படிம்மா பாடுவான்?"

"பாடத் தெரிஞ்சவன் பாடறான். உங்களுக்கென்ன வந்துச்சு?"

"மூணாவது ஆளுக்குப் பல்லு முளைச்சுதுன்னு நான் சொன்னப்ப, 'எத்தனை மாசம் மாட்டியிருந்தாங்க, சோத்துக்கு என்ன பண்ணாங்க'ன்னு துருவித் துருவிக் கேட்டியே, இவனைக் கேக்க மாட்டியா?"

அவள் சுத்தியலைத் துடைத்து மாட்டினாள். 

சரி, வேறு வழியில் போவோம் என்று பியானோ டீச்சரைப் படிக்கட்டில் மடக்கினேன். அவர் தன்னுடைய பியானோ ஸ்டூலுக்கு உறை மாற்ற எடுத்து வந்துகொண்டிருந்தார். கண்டிப்பான மனுஷி. அவரிடம் படிக்கும் பிள்ளைகள் அழும் சத்தம் தாளம் தப்பாமல் இருக்கும்.

"டீச்சர், இதெல்லாம் சங்கீதமே இல்ல, வெறும் இரைச்சல்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. நீங்க சொன்னா அவ கேப்பா."

"அதுக்கென்னண்ணா, சொல்லிட்டாப் போச்சு" என்று மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வந்தார். இரண்டாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நின்றபடியே கேட்டார். பிறகு உட்கார்ந்தார். என் முக்காலியில். கண்ணை மூடினார். பத்து விரலும் மேஜை விளிம்பில் ஓட ஆரம்பித்தன.

பாட்டு முடிந்ததும் நான் சைகை காட்டினேன்.

"அக்கா," என்றார் அவர் என் மனைவியைப் பார்த்து, "இது முந்நூறு வருஷத்துக்கு முந்தி அந்த ஊர்ப் பெரிய ஆளுங்க ஆர்கன்ல வாசிச்ச விஷயம்க்கா. அதே ஏத்தம், அதே இறக்கம். நான் பிள்ளைங்களுக்கு அழ அழச் சொல்லிக் குடுக்கற விரல் பயிற்சிதான். இந்தப் பாவி அதைக் கொண்டுபோய்க் குதிரை மேல ஏத்தி, குதிரை வாலுல நெருப்பு வச்சிருக்கான்."

"அது தப்புதானே டீச்சர்?" என்று எடுத்துக் கொடுத்தேன்.

"ரொம்பத் தப்பு. அந்தப் பாட்டை இன்னொரு தடவை போடுங்கக்கா."

மறுநாள் இரண்டு மணிக்கு நான் பட்டறைக்குள் போனபோது டீச்சர் ஏற்கெனவே என் முக்காலியில் இருந்தார். கையில் டீ. நான் சுவரில் சாய்ந்து நின்றேன். அவர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமலேயே ஒரே இடத்தில் தலையை ஆட்டினார்கள். கட்டின புருஷனும் நானும் இந்த மாதிரித் தலையாட்டியதில்லை என்று எழுத வருகிறது, கோபத்தில். கட்டின புருஷனே நான்தான்.

சாயங்காலம் டீச்சர் போனபின் நேராகவே கேட்டுவிட்டேன்.

"அப்படி என்னதான் இருக்கு அவன்கிட்ட?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். நான் கேட்டதற்காக இல்லை, நிஜமாகவே யோசித்தாள்.

"கூச்சமே படாம சொல்றான். உலகத்தையே காப்பாத்தப் போறேன்னு சொல்றான், சொல்லும்போது கண்ணைக் கூட சிமிட்ட மாட்டேங்கறான். நட்சத்திரத்தை உருக்கினேன்னா உருக்கினேன்தான். நாமளும் சரி, உருக்கினான் போலன்னு கூடவே ஓடறோம். நீங்க கதை சொல்லும்போது என்ன பண்றீங்க தெரியுமா?"

"என்ன பண்றேன்?"

"கீழ பாக்கறீங்க. நல்ல இடம் வந்தா போதும், ஆணி விழுந்துச்சான்னு தரையப் பாக்கறீங்க. அவன் ஒரு தடவை கூடக் கீழ பாக்கல."

"அவன் சிடிக்குள்ள இருக்கான். எப்படிப் பாப்பான்?"

"பாத்திருந்தாக் குரல்ல தெரிஞ்சிருக்கும்."

நாற்பத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் அவள் என்னை எத்தனையோ திட்டியிருக்கிறாள். இது திட்டு இல்லை. அதனால்தான் உள்ளே போய்க் குத்திக்கொண்டு நின்றது. என் கதையைக் குறை சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். என் கழுத்தைக் குறை சொல்லிவிட்டாள்.

டாக்டரின் சோபா முடிகிற நாள் வந்தது. கடைசி வேலை அடித்துணி. சோபாவைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஸ்பிரிங்குகள் தெரியாமல் கறுப்புத் துணியை விரித்துச் சுற்றிலும் ஆணி அடித்து மூட வேண்டும். துணியை விரித்துவிட்டு அவள் கை கழுவப் போனாள். பிளேயர் ஓய்வில் இருந்தது. சிடி உறைக்குள் இருந்தது. உறை மேஜைமேல் இருந்தது. சோபாவில் கிடைத்தது சோபாவோடு போக வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். டாக்டர் வேண்டாம் என்றது வாய் வார்த்தை. வாய் வார்த்தைக்காகச் சட்டத்தை மீறலாமா? நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன். துணியின் ஓரத்தைத் தூக்கி இரண்டு ஸ்பிரிங்குக்கு நடுவில் சொருகினேன்.

அவள் வந்தாள். வாயில் ஆணியைப் போட்டுக்கொண்டாள். சுற்றிலும் எழுபது ஆணி. நான் ஜன்னல் வழியாக மேகங்களைப் பார்த்தேன். வண்டி வந்ததும் நானே ஒரு பக்கம் பிடித்து ஏற்றினேன். அவ்வளவு சுறுசுறுப்பாக என்னைப் பார்த்து நாளாயிற்று என்று வண்டிக்காரரே சொன்னார்.

"சிடி எங்கங்க?"

"எந்த சிடி?"

அவள் என்னைப் பார்த்தாள். "ம்" என்றாள். வாயில் ஒரு ஆணியும் இல்லை.

மறுநாள் இரண்டு மணிக்கு என் முக்காலி எனக்குக் கிடைத்தது. நாலு வருடமாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்த கதையை எடுத்தேன். நான் எண்ணெய் போட்ட ஒரு லிப்ட் அசைவதே தெரியாமல் அவ்வளவு வழுவழுப்பாகிவிட்டது. ஆட்கள் ஏறுவார்கள், இன்னும் கிளம்பவில்லை என்று நினைத்து இறங்கிவிடுவார்கள். ஒருவர் அப்படித் தப்பான மாடியில் இறங்கித் தப்பான வீட்டுக்குள் போய்விட்டார். பதினோரு வருடம் அந்தக் குடும்பத்தோடுதான் இருந்தார். இரண்டு தரப்பிலும் ஒரு புகாரும் வரவில்லை.

கீழே பார்க்கவில்லை. கழுத்தைக் கட்டிப்போட்டது போல நேராக வைத்துக்கொண்டு சொன்னேன். காதை மட்டும் தரையில் விட்டிருந்தேன். 'டிங்' வரவில்லை. அதற்குப் பதிலாக, ஆணிகளின் நடுவிலிருந்து ஏதோ ஒரு முனகல். இரண்டாவது பாட்டு. சுத்தியல் அதே வேகத்தில் ஓடியது. போதாததற்கு மாடியில் டீச்சர் அதையே பியானோவில் வாசிக்க ஆரம்பித்தார். மேலேயும் அவன், கீழேயும் அவன், நடுவில் நான். எத்தனை பேரை அந்த மாதிரி இடத்திலிருந்து மீட்டிருக்கிறேன்! எனக்கு ஒரு மெக்கானிக் வரவில்லை.

ஆறாவது நாள் முனகலும் நின்றது. எனக்குத் திருப்தியாக இருந்திருக்க வேண்டும். சுத்தியல் மெதுவாக விழுந்தது. டொக். அப்புறம் நெடுநேரம் கழித்து, டொக். திடீரென்று ஒரு கோணல் சத்தம். பார்த்தால் ஆணி வளைந்து கிடந்தது. ஒன்பது வருடத்தில் அவள் ஓர் ஆணியை வளைத்து நான் பார்த்ததில்லை. அவள் அதைப் பிடுங்கிப் போடக்கூட இல்லை. அடுத்த ஆணியை உதட்டுக்குத் தள்ளினாள், எங்கோ பார்த்துக்கொண்டு.

நான் கதையைப் பாதியில் நிறுத்தினேன். அவள் கவனிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் சிடியை மட்டும் சோபாவுக்குள் வைத்து அனுப்பவில்லை. என் கதையைக் கேட்கிற ஆளையும் சேர்த்து அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை சட்டைப்பையில் ஒரு குறடை வைத்துக்கொண்டு பல் டாக்டரிடம் போனேன். மேஜையில் இருந்த நர்ஸ் "என்ன பிரச்சனை?" என்று கேட்டார். சோபாவைக் குடைய வந்திருக்கிறேன் என்று சொல்ல முடியுமா? "கடைவாய்ப் பல்லு" என்றேன். பெயரை எழுதிக்கொண்டார்.

சோபாவில் நாலு பேர். ஒவ்வொருவராக உள்ளே போய்க் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். கடைசி ஆள் உள்ளே போனார், நர்ஸும் கூடப் போனார். அறையில் நானும் சோபாவும்தான். மல்லாந்து படுத்து அடியில் நுழைந்தேன். லிப்ட் பெட்டிக்கு அடியில் அப்படிப் படுத்தே ஆயுளைக் கழித்தவன். சொந்த வீட்டுக்கு வந்தது போல் இருந்தது. குறடால் ஓர் ஆணியைப் பிடுங்கினேன். எங்கே வைப்பது? ஒரு கையில் குறடு, மறு கையில் துணி. வாயில் போட்டுக்கொண்டேன். ஆறு ஆணி பிடுங்கியதும் கை நுழைகிற அளவு வழி கிடைத்தது. சிடி ஸ்பிரிங்குக்கு நடுவில் சமர்த்தாக இருந்தது. எடுத்துச் சட்டைக்குள் போட்டேன்.

தலைக்குப் பக்கத்தில் இரண்டு வெள்ளைச் செருப்பு வந்து நின்றது.

"ஐயா, உள்ள வாங்க" என்றார் டாக்டர்.

பதில் சொல்ல முடியவில்லை. வாய் நிறைய ஆணி. "பேசக்கூட முடியாத அளவுக்கு வலியா? அடடா" என்று கையைப் பிடித்து அழைத்துப் போய் நாற்காலியில் சாய்த்து, விளக்கைப் போட்டு, வாயைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். கொஞ்ச நேரம் உள்ளே பார்த்தார். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் போட்டார். டிங். டிங். டிங். ஆறு.

"இதெல்லாம் எப்ப முளைச்சுது?" என்றார்.

அதற்கப்புறம் நடந்ததை விவரிக்க விரும்பவில்லை. கடைவாய்ப் பல் வெளியே வந்தது என்பதோடு விட்டுவிடுகிறேன். அதன் வேர் என் குதிகால்வரை போயிருந்தது. இழுக்கும்போது கால் கட்டைவிரல் மடங்கியதை நானே உணர்ந்தேன். பல் இருந்த இடத்தில் பஞ்சை அடைத்து, உபரிப் பஞ்சு கொஞ்சம் ஓர் உறையில் போட்டுக் கொடுத்தார்.

"ஒரு மணி நேரம் வாயைத் திறக்காதீங்க. பேசவே கூடாது. உங்க வீட்டம்மா போன வாரமே போன் பண்ணாங்க, 'இன்னும் கொஞ்ச நாள்ல தானா வருவாரு, வந்ததும் பல்லைப் பிடுங்கிடுங்க'ன்னு. சோபாவுக்கு அடியில வருவீங்கன்னு மட்டும் சொல்லல."

எப்படி வீட்டுக்கு நடந்தேன் என்று தெரியாது. பட்டறையில் அவள் ஒரு திண்டுக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். தையல் நாள், ஆணி இல்லை. சட்டைக்குள்ளிருந்து சிடியை எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

"வீங்கியிருக்கா? காட்டுங்க" என்று தாடையைத் திருப்பிப் பார்த்தாள். "ரெண்டு வருஷம். உங்களை அந்தப் படி ஏத்த எனக்கு வேற வழி தெரியல." நான் கண்ணை உருட்டினேன். "நான் அடிக்கற துணிக்கு அடியில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா? மூணாவது ஆணி அடிக்கும்போதே உள்ள கலகலன்னு சத்தம். சரி, போய்ட்டுத்தான் வரட்டுமேன்னு மிச்ச ஆணியையும் அடிச்சேன்."

நான் மரச்சட்டத்தில் இன்னும் இருந்த அந்த வளைந்த ஆணியைக் கையால் காட்டினேன்.

"அதை வளைக்கத்தான் ரொம்ப சிரமப்பட்டேன். எனக்கு நேராத்தானே அடிக்க வரும்?"

நான் முக்காலியில் உட்கார்ந்தேன். அந்த நாளை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். டொக், டொக், கோணல் சத்தம். அவள் ஒரு தடவைகூடக் கீழே பார்க்கவில்லை.

அவள் சிடியைப் போட்டாள். சத்தத்தைக் குறைத்து வைத்தாள். மணி அடித்தது, நாற்பது பேர் பாடினார்கள்.

"நீங்க அகராதி வச்சுப் படிச்சீங்களே, அது சரியில்ல," என்று ஊசியைக் குத்தி இழுத்தபடி ஆரம்பித்தாள். "அந்தக் கண்ணாடிக் கோட்டையில ஒரு லிப்ட் இருந்துச்சு. அதைப் பத்தி அந்தப் புஸ்தகத்துல போடல. இளவரசன் அதுலதான் ஏறினான். அதான் அந்தக் கிதார் அப்படி ஏறுது, கேளுங்க. பாதியில நின்னுருச்சு. மெக்கானிக்கைக் கூப்பிட்டாங்க. அவருக்குக் கோட்டையிலேயே பெரிய பேரு, ஆனா பல்லுல சொத்தை..."

முகத்தில் ஓர் அசைவு கிடையாது. வானிலை அறிக்கை வாசிப்பது போலச் சொன்னாள். முதல் பாட்டு, இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொரு பாட்டின் ஓட்டத்துக்கும் அவளிடம் ஒரு காரணம் இருந்தது. இரண்டு கிதாரும் ஏன் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன என்றால், ஒன்று மெக்கானிக், மற்றது அவரைப் பிடிக்க வரும் பல் டாக்டர். எனக்குள் புகைய ஆரம்பித்தது. முப்பத்துநாலு வருடம் லிப்டில் இருந்தவன் நான். இது எனக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும்?

நாலாவது பாட்டு முடிந்தது. நாலு நொடி.

"செத்தவன் எப்படிப் பாடறான்னு கேட்டீங்கள்ல? அவன் சாகவே இல்ல. பல்லைப் பிடுங்கி வாயில பஞ்சை அடைச்சு விட்டுட்டாங்க. ஒரு மணி நேரம் சத்தமே இல்லன்ன உடனே, ஊரே செத்துட்டான்னு நினைச்சு அழுதுருச்சு. எடுத்துட்டுப் போகப் போறாங்க. தோள்ல தூக்கிட்டாங்க. அப்ப..."

ஐந்தாவது பாட்டு. அந்தக் குரல் கூரையைப் பிய்த்துக்கொண்டு எழுந்தது.

"...பஞ்சு விழுந்துருச்சு" என்றாள்.

என் வாய் திறந்தது. பஞ்சு விழுந்தது. பஞ்சு விழுந்தால் சத்தம் வராது. ஆனால் விழுந்தது, நான்தான் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள், புது நூல் கோத்தாள், கதையைத் தொடர்ந்தாள்.

இப்படி ஒரு புளுகு இத்தனை நாளாக இவளுக்குள் இருந்திருக்கிறது, நான் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து இவளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். வயிறு எரிந்தது. அந்தச் சட்டையில்லாதவன்மேல் வந்த எரிச்சலெல்லாம் இதன்முன் ஒன்றுமே இல்லை. கேட்பதற்கு எனக்கு ஏழெட்டுக் கேள்விகள் இருந்தன. அந்த மெக்கானிக் கோட்டையில் எந்த மாடியில் இருந்தார், அவருக்குச் சம்பளப் பதிவேடு உண்டா, தூக்கிக்கொண்டு போனவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று.

சட்டைப்பையிலிருந்து டாக்டர் தந்த உறையை எடுத்தேன். உபரிப் பஞ்சை உருட்டி வாயில் அடைத்துக்கொண்டேன். ஆறாவது பாட்டு ஆரம்பித்திருந்தது.